வாசலில் தொடங்கும் ஒரு கிலோமீட்டர்

ஸ்ரீரங்கத்தில் ஏழு பிரகாரங்களுக்கு உட்பட்ட பரப்பு 156 ஏக்கர். இதில் கோயில் மட்டும் இல்லை. உத்தர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் தெரு என்று ஒரு முழு ஊரே மதில்களுக்குள் குடியிருக்கிறது. வீடு, மளிகை, பூக்கடை, காபிக்கடை, டெய்லர் கடை எல்லாம் உள்ளேயே. இங்கிருந்து திருச்சி ஊரைக் கடந்து தஞ்சாவூர் சாலையில் போனால் துவாக்குடி வரும். அதற்குப் பக்கத்தில் என்.ஐ.டி. வளாகம், சுமார் 800 ஏக்கர். அதாவது ஒரு கல்லூரிக்குள் ஐந்து ஸ்ரீரங்கம்!

இந்த ஒப்பீடு சும்மா வியப்புக்காக இல்லை. பெரிய பல்கலைக்கழக வளாகங்களுக்குள் 'பசுமைப் போக்குவரத்து' என்றாலே பேட்டரி கார், ஆப் மூலம் வாடகைக்கு எடுக்கும் சைக்கிள் என்று எதையாவது புதிதாக வாங்குவதில்தான் பேச்சு தொடங்குகிறது. எது எங்கே பயன்படும், எது காசைக் கரைக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. அந்தக் கணக்குதான் இந்தக் குறிப்பு. உதாரணத்துக்குத் திருச்சி என்.ஐ.டி.யை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கும், ஊருக்கு வெளியே இருக்கும் எந்தப் பெரிய கல்லூரிக்கும் இது ஏறக்குறைய பொருந்தும்.

எவ்வளவு தூரம்?

800 ஏக்கர் என்றால் 3.24 சதுர கி.மீ. அதை ஒரு வட்டமாக நினைத்துக்கொண்டால் நடுவிலிருந்து விளிம்புக்கு 1 கி.மீ. ஸ்ரீரங்கத்தின் 156 ஏக்கரை அதே மாதிரி வட்டமாக்கினால் ஆரம் 450 மீட்டர்தான். ஆறு நிமிட நடை.

ஆனால் தூரத்தைத் தீர்மானிப்பது பரப்பளவு மட்டுமில்லை, எதை எங்கே வைத்தோம் என்பதும்தான். ஸ்ரீரங்கத்தில் தேவைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்தவை. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-இல் என்.ஐ.டி. ஆனது இந்தக் கல்லூரி. அந்தக் காலத்து வளாகத் திட்டங்களில் நிலம் தாராளம். துறைக்கு ஒரு கட்டடம், நடுவில் மைதானம், விடுதிகள் ஒரு பக்கம், ஊழியர் குடியிருப்பு இன்னொரு பக்கம். காற்றோட்டமான, அழகான ஏற்பாடுதான். ஆனால் காலையில் வகுப்புக்கு, மதியம் சாப்பாட்டுக்கு, திரும்ப லேபுக்கு, சாயங்காலம் விடுதிக்கு என்று ஒரு மாணவர் தினமும் நாலு தடவை அந்தத் தாராளத்தைக் கடக்க வேண்டும். ஒரு தடவைக்கு முக்கால் கி.மீ. என்றாலும் நாளைக்கு 3 கி.மீ. ஆகிவிடும்.

அதனால் முதல் போக்குவரத்து முடிவு வண்டி வாங்கும்போது எடுக்கப்படுவது இல்லை. அடுத்த கட்டடத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. காலியாக இருக்கிறதே என்று விளிம்பில் ஒரு புதுக் கட்டடம் கட்டினால், அது நிற்கும் ஐம்பது வருடமும் ஆயிரம் பேர் கூடுதலாக ஒரு கி.மீ. போக வேண்டும். ஏ.டி.எம்., ஜெராக்ஸ் கடை, டீக்கடை இந்த மாதிரி சின்ன விஷயங்களுக்கும் இதே நியாயம்தான்.

ஒன்றரை கிலோமீட்டர் பந்தயம்

சரி, கட்டியதைக் கட்டியாகிவிட்டது. இருக்கும் தூரத்தை எப்படிக் கடப்பது? 1.5 கி.மீ. பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

- நடை, மணிக்கு 4.5 கி.மீ. வேகம்: 20 நிமிடம்.
- சைக்கிள், மணிக்கு 12 கி.மீ.: ஏழரை நிமிடம். பூட்டுவது, திறப்பது சேர்த்து 9 என்று வையுங்கள்.
- டூவீலர், வளாக வேகக் கட்டுப்பாடு 30 என்று வைத்தால்: 3 நிமிடம். நிறுத்த இடம் தேடுவதோடு 5.
- 20 நிமிடத்துக்கு ஒரு தடவை வரும் பேட்டரி வண்டி: ஓட்டம் 6 நிமிடம். ஆனால் சராசரியாக 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். மொத்தம் 16.

கடைசி வரியைக் கவனியுங்கள். பேட்டரி வண்டி நடப்பவருக்கு மிச்சப்படுத்துவது வெறும் 4 நிமிடம். அதுவும் நிறுத்தம் காலடியில் இருந்தால். இருபது நிமிட இடைவெளியில் வண்டி விட்டால் கால் நன்றாக இருப்பவர்கள் ஒரு வாரம் காத்திருந்து பார்ப்பார்கள், அப்புறம் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். 5 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் கதை மாறும். ஆனால் அதற்கு நாலு மடங்கு வண்டி, நாலு மடங்கு ஓட்டுநர் சம்பளம்.

சைக்கிள் காத்திருப்பதில்லை. டூவீலரைவிட அது இழப்பது 4 நிமிடம்தான். பெட்ரோல் இல்லை, சத்தம் இல்லை. 1973-இல் எஸ்.எஸ். வில்சன் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று ரொம்பப் பிரபலம். ஒரு கிராம் எடையை ஒரு கி.மீ. நகர்த்த ஆகும் சக்தியை வைத்து விலங்குகளையும் வண்டிகளையும் அவர் ஒப்பிட்டார். சைக்கிளில் போகும் மனிதன்தான் எல்லோரையும்விடச் சிக்கனம். நடப்பதற்கு ஆகும் சக்தியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போதும் என்பது அவர் கணக்கு. திருச்சி மாதிரி சமதரையில் இதைவிட என்ன வேண்டும்?

பேட்டரி கார் உண்மையிலேயே பசுமையா?

ஆள் ஏறினால்தான் பசுமை. எட்டுப் பேர் உட்காரும் பேட்டரி வண்டி ஒன்று கி.மீ.க்குச் சுமார் 0.13 யூனிட் மின்சாரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம் (9.6 யூனிட் பிடிக்கும் பேட்டரியில் 75 கி.மீ. ஓடுகிற மாதிரி). நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான். ஆக வண்டி ஒரு கி.மீ. ஓட 90 கிராம். எட்டுப் பேர் ஏறினால் தலைக்கு 11 கிராம். பிரமாதம். ஒரே ஒருவர் ஏறினால் அவருக்கு 90 கிராம். 50 கி.மீ. மைலேஜ் தரும் பெட்ரோல் டூவீலர் விடுவது 46 கிராம்தான்! மதியம் இரண்டு மணிக்குக் காலியாகச் சுற்றும் பேட்டரி கார், பெட்ரோல் ஸ்கூட்டரைவிட மோசம். புகை மட்டும் வேறு ஊரில் வருகிறது. சோலார் போட்டால் குறையும், உண்மைதான். ஆனாலும் காலி வண்டி காலி வண்டிதான்.

அப்போ பேட்டரி வண்டியே வேண்டாமா? அப்படி இல்லை. அது யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் பேட்டரி கார் நடக்க முடியாத வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று விடப்பட்டது. அந்த முன்னுரிமை சரியானது. வளாகத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவர், காலில் கட்டுப் போட்டவர், நிறைமாத கர்ப்பிணியான ஆராய்ச்சி மாணவி, பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பாட்டி. இவர்களுக்குச் சைக்கிள் கணக்கு செல்லாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உயர்கல்வி நிறுவனங்கள் அணுகத்தக்கதாக இருப்பது கடமை, சலுகை இல்லை. போன் செய்தால் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும் இரண்டு வண்டிகள், யாருமில்லாமல் வட்டமடிக்கும் பத்து வண்டிகளைவிட மேல்.

சைக்கிள் இவ்வளவு நல்லதென்றால்

ஏன் எல்லோரும் ஓட்டுவதில்லை? 'நம்ம ஆட்களுக்குச் சைக்கிள் என்றால் கௌரவக் குறைச்சல்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், யாராவது கொண்டுவிடுவார்களா என்று பார்த்திருப்பதும் அவர்களுக்குக் குறைந்தது. 2001-02-இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம் வேறு இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்த ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் புதிய பொருளே இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று விஷயம் சொல்லலாம்.

முதலாவது வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. மதியம் ஒன்றரை மணிக்கு லேபுக்குப் போக வேண்டிய அந்த ஒரு கி.மீ.தான் சைக்கிளின் எதிரி. நிழலுக்கும் கணக்கு உண்டு. திருச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது. உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே. வடக்கு தெற்காகப் போகும் சாலையில் மேற்குப் பக்கம் மரம் வைத்தால் மதியத்துக்கு மேல் சாலை முழுக்க நிழல் விழும். கிழக்கு மேற்குச் சாலையில் சாயங்கால வெயில் சாலையோடு நேராக வரும். அங்கே இரண்டு பக்கமும் கிளை கூடி மேலே பந்தல் போடுகிற மரங்கள் வேண்டும். வேம்பும் புங்கனும் போதும். அலங்காரத்துக்கு வைக்கிற பனை வகைகள் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், தலைக்கு நிழல் தராது. ஒரு பேட்டரி வண்டியின் விலையில் எத்தனை மரத்துக்கு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது பஞ்சர். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் நெருஞ்சி முள்ளுக்கு உலகம் முழுக்கச் சைக்கிள்காரர்கள் மத்தியில் கெட்ட பெயர் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். காய்ந்த கரட்டு நிலத்தில் குறுக்குவழியில் போனால் டியூப் தப்பாது. பஞ்சர் ஆன சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டுமென்றால் அது விடுதி வாசலிலேயே நின்றுவிடும். வளாகத்துக்குள் ஒரு பஞ்சர் கடையும், விடுதிக்கு ஒரு காற்றடிக்கும் பம்ப்பும் இருந்தால் ஓடாத சைக்கிளில் பாதி ஓடும்.

மூன்றாவது, உரிமையாளர் போய்விட்ட சைக்கிள். இறுதியாண்டு முடித்துப் போகிறவர்கள் சிலர் ஜூனியருக்கு விற்பார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வண்டி ஸ்டாண்டில் இடத்தை அடைத்துக்கொண்டு துருப்பிடிக்கும். புதிதாக வரும் முதலாண்டு பிள்ளை கடையில் புது சைக்கிள் வாங்கும். நெதர்லாந்தில் இப்படிக் கிடப்பவற்றுக்கு 'அநாதைச் சைக்கிள்' என்று அர்த்தம் வரும் பெயரே உண்டு. நகராட்சி ஒட்டுத்தாள் ஒட்டி, குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் எடுக்கவில்லை என்றால் அப்புறப்படுத்திவிடும். அதை நாம் இன்னும் எளிதாகச் செய்யலாம். மே மாதம் சீட்டு ஒட்டு, ஜூனில் சேகரி, ஜூலையில் ரிப்பேர் பார், ஆகஸ்டில் முதலாண்டு மாணவர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடு. புதிதாக ஒன்றுமே வாங்க வேண்டாம்.

பகிர்வு சைக்கிள் ஏன் தோற்றது?

பகிர்வு சைக்கிளின் கதை சுவாரசியமானது. 1965-இல் ஆம்ஸ்டர்டாமில் சில இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பூட்டாமல் விட்டார்கள். பூட்டாத சைக்கிள் சட்டப்படி குற்றம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. 1995-இல் கோபன்ஹேகன் காசு போட்டு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம், 1996-இல், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குக் காந்த அட்டை கொடுத்து, யார் எடுத்தார்கள் என்று தெரியும்படி செய்தது. இன்றைய ஆப் சைக்கிளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் 2017-இல் ஒரு அலை வந்தது. ஓலா நிறுவனம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஓலா பெடல் என்று தொடங்கியது. ஜூம்கார் 'பெடல்' என்று இன்னொன்றை இறக்கியது. சில வருடங்களில் இரண்டும் அடங்கிவிட்டன. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் விடுதி வளாகத்தில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. பகிர்வு லாபம் தர வேண்டுமென்றால் ஒரே சைக்கிளை வேறு வேறு நேரத்தில் வேறு வேறு ஆட்கள் எடுக்க வேண்டும். விடுதி வளாகத்திலோ எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் போகிறார்கள். முதல் வகுப்புக்கு முந்தின கால் மணி நேரத்தில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் சைக்கிள் வேண்டும். அப்புறம் மதியம் வரை அவை துறை வாசலில் தூங்கும். இதற்குச் சொந்தச் சைக்கிளே போதும், செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நாலு வருடம் ஓடும்.

அப்போ பகிர்வு சைக்கிள் யாருக்கு? சொந்தச் சைக்கிளை இங்கே வைத்துக்கொள்ள முடியாதவருக்கு. அதாவது தினமும் ஊரிலிருந்து வருகிறவருக்கு. இங்கேதான் நம் கணக்கு வாசலுக்கு வந்து நிற்கிறது.

பெரிய எண் எங்கே இருக்கிறது?

விடுதி மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல பெரிய வளாகங்களில் உள்ள விதி. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் சைக்கிளிலும், மலைகளின் பெயர் வைத்த வளாகப் பஸ்ஸிலும்தான் போகிறார்கள் (விடுதிகளுக்கு நதிகளின் பெயர், பஸ்களுக்கு மலைகளின் பெயர். திருச்சி என்.ஐ.டி. விடுதிகளுக்கு ரத்தினங்களின் பெயர்). மான்கள் உலவும் சாலையில் அது நல்ல விதிதான். ஆனால் அந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து வளாகத்துக்குத் தினமும் காரில் தனியாக வரும் ஒருவர், போக வர 40 கி.மீ. ஓட்டுகிறார் என்று வைப்போம். லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் நாளைக்குச் சுமார் 6 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே தூரத்தை 40 பேர் ஏறிய பஸ்ஸில் வந்தால் அவர் பங்கு சுமார் 600 கிராம். மிச்சம் ஐந்தரை கிலோ. இந்தப் பக்கம், வளாகத்துக்குள் நாளைக்கு 3 கி.மீ. ஸ்கூட்டரில் போகக்கூடிய ஒரு மாணவர் சைக்கிளுக்கு மாறினால் மிச்சம் 140 கிராம். ஒரே ஒரு காரை பஸ்ஸுக்கு மாற்றுவது, நாற்பது மாணவர்களின் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குச் சமம்.

பிள்ளைகளை நடக்கச் சொல்லிவிட்டு, பெரியவர்களின் காருக்கு மரத்தடியில் ஷெட் போட்டுக் கொடுத்தால் அது பசுமை வளாகம் ஆகாது.

இதைச் சொன்னதும் வரும் பதில் எனக்குத் தெரியும். 'பஸ் இருக்கு சார், ஆனா கேட்ல இறங்கி உள்ள ஒன்றரை கிலோமீட்டர் யாரு நடக்கிறது?' நியாயமான கேள்வி. திருச்சி தஞ்சாவூர் சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. இருபது கி.மீ.யை அது சுலபமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. தோற்பது கடைசி ஒன்றரையில். அந்த ஒன்றரைக்காக மொத்த இருபதையும் காரில் ஓட்டுகிறார்கள்.

ஆக, பகிர்வு சைக்கிளும் கூட்டம் ஏற்றும் பேட்டரி வண்டியும் நிற்க வேண்டிய இடம் வாசல். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை, பஸ் நேரத்தை ஒட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. அப்போது எட்டு இருக்கையும் நிறையும். மற்ற நேரத்தில் அதே வண்டிகள் போனில் கூப்பிடுகிறவர்களுக்கு.

வாசலுக்கு வெளியேயும் ஒரு வேலை இருக்கிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் பல வருடக் கோரிக்கை. நாலு வழிச் சாலையில் எதிர்ப்பக்கம் இறங்கி, லாரிகளுக்கு நடுவே குறுக்கே ஓடி வர வேண்டும் என்றால், வீட்டில் இருப்பவர்களே 'வேணாம், கார்லயே போ' என்றுதான் சொல்வார்கள். பஸ் நிறுத்தமும் சாலையைக் கடக்கும் வழியும் சரியாக இல்லாமல் உள்ளே எதைச் செய்தாலும் பாதிதான்.

கல்லூரியும் ஊரும் சேர்ந்து செய்த உதாரணம் கலிஃபோர்னியாவின் டேவிஸ். 1967-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சாலையில் சைக்கிளுக்குத் தனித்தடம் போட்ட ஊர் அது. அடுத்த வருடம் அங்கே மாணவர் சங்கம் லண்டனிலிருந்து இரண்டு பழைய டபுள் டெக்கர் பஸ்களை வாங்கி ஓட்ட ஆரம்பித்தது. யூனிட்ரான்ஸ் என்ற அந்தச் சேவை இன்றும் ஓடுகிறது. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். ஊர்க்காரர்களும் அதில்தான் போகிறார்கள். வளாகத்துக்குள் மட்டும் வட்டமடிக்காமல் ஊரையும் கல்லூரியையும் இணைத்ததுதான் அதன் வெற்றி.

செய்வதற்கு முன் எண்ணுங்கள்

உங்கள் கல்லூரியிலும் பசுமைக் குழு ஒன்று இருக்கும். அடுத்த கூட்டத்தில் யாராவது பேட்டரி கார் விலைப்பட்டியலை எடுத்தால், ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். ஐந்து மாணவர்கள், ஐந்து நோட்டு. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை வாசலில் நின்று, பஸ்ஸில் இறங்கியவர் எத்தனை, தனியாகக் காரில் வந்தவர் எத்தனை என்று கோடு போட வேண்டும். ஒருவர் சைக்கிள் ஸ்டாண்டுகளில் தூசி படிந்த வண்டிகளை எண்ணட்டும். இன்னொருவர் மதியம் ஒன்றரைக்கு விடுதியிலிருந்து லேபுக்கு நடந்து, எத்தனை மீட்டர் நிழல், எத்தனை மீட்டர் வெயில் என்று குறிக்கட்டும்.

அந்த நாலு எண்களும் கையில் வந்த பிறகு முதலில் எதை வாங்குவது, எதை நடுவது, எதற்குப் பஞ்சர் ஒட்டுவது என்று பேசலாம். யாராவது எண்ணிப் பார்த்தால் எனக்கும் எழுதுங்கள். உங்கள் ஊர் வாசலில் என்ன கணக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.